கறுப்பு நூல் கட்டிய பாட்டில்கள்

என் வீட்டுக்காரர் பியர் குடிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் பயப்படுவது நான்தான். குடிப்பவர் நிம்மதியாகக் குடிப்பார். நான் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, போட்டேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பேன். மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம். மேட்டூரில் அணைக்கட்டு ஆபீசில் அவர் வரைபடம் போடுகிறவர். அரசாங்கச் சம்பளம், அரசாங்க வீடு, வாசலில் அரசாங்கக் குழாய். வாயில் வாடை அடிக்கிறது என்று ஒரு கான்ஸ்டபிள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டர் முன்னால் ஊதச் சொன்னால் போதும், மூன்றும் ஒரே நாளில் போய்விடும்.

இது சும்மா நானாக நினைத்துக்கொண்ட பயம் இல்லை. எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் ஒரு கிளார்க் குடும்பம் இருந்தது. அந்த மனிதர் யாரோ வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டார். முதலில் சஸ்பெண்ட், பிறகு கேஸ், கடைசியில் வேலையே போயிற்று. வீட்டைக் காலி பண்ணின அன்று அவர் மனைவி அம்மிக்கல்லை மாட்டுவண்டியில் ஏற்ற முடியாமல் வாசலிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். வரிசையில் இருந்த எங்களில் ஒருத்தியும் போய் ஒரு கை கொடுக்கவில்லை. போனால் நம்மையும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டோம். அவள் கடைசியில் அம்மியை விட்டுவிட்டே போனாள். குழாயடிக்குப் போகும்போதெல்லாம் அந்த அம்மி என்னைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் குடிக்கத்தான் செய்தார்கள். மூன்று பேர். ஒருவர் இவர். இன்னொருவர் கெமிக்கல் கம்பெனியில் கெமிஸ்ட், கல்யாணம் ஆகாதவர், பம்பாயில் படித்தவர், அதை நாம் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்பவர். மூன்றாமவர் சங்ககிரிக்காரர், சொந்த லாரி வைத்திருந்தார். மின்நிலைய வேலைக்கு இரும்பும் சிமெண்டும் இறக்க வந்த பழக்கத்தில் இவருக்குச் சிநேகிதர் ஆனார். அவர் பெங்களூர் லோடு போய்த் திரும்பினால், கண்ணாடிச் சாமான் பெட்டியின் வைக்கோலுக்குள் சில பியர் பாட்டில்களும் சேர்ந்து வரும். பூசை முடிந்து நாங்கள் மாதா கோயிலிலிருந்து வீடு திரும்பும்போது அவர் வாசலில் ஒரு பூசணிக்காயை வைத்துக்கொண்டு நிற்பார். காய்கறி கொடுக்க வந்தவராம்.

பின்னறையில் ஜன்னல் சாத்தி உட்காருவார்கள். சித்திரை வெயிலில் அந்த அறை அடுப்புக்குள் இருப்பது மாதிரி இருக்கும். பாட்டில்களைக் குடிதண்ணீர்ப் பானை வைக்கிற ஈர மணலில் புதைத்து, நனைத்த சாக்கைப் போட்டுக் குளிர வைத்திருப்பேன். அவர்கள் குடித்ததைவிடப் பேசியதுதான் அதிகம். இவர் யுத்த காலத்தில் பட்டாளத்தில் வரைபட வேலை பார்த்தவர், அங்கே கேண்டீனில் பழகியது.

"பியர்னா தெளிவா இருக்கணும். டம்ளருக்கு அந்தப் பக்கம் கை தெரியணும். குடிச்சு முடிச்சப்புறம் நாக்குக்கு அடியில லேசா ஒரு கசப்பு. அவ்வளவுதான்" என்பார்.

கெமிஸ்டுக்கு அது ஆகாது. "அதுக்கு நீங்க பார்லிக் கஞ்சியே குடிக்கலாம். கறுப்பா இருக்கணும் சார். காப்பிக்கொட்டை வறுத்த வாசனை வரணும். வாயில கனமா நிக்கணும்."

"நெறமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க" என்பார் லாரிக்காரர். "நொரை நிக்கோணும். ஊத்துனா மீசையில ஒட்டோணும். எங்கப்பங் காலத்துல பனங்கள்ளு கலயத்துல அப்புடித்தான் பொங்குமுங்க. உங்க பியரெல்லாம் அதுக்குப் பொறவுதான்."

என்னைப் பெண் பார்க்க வந்தபோது கூட இவர் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். நான் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னறைக்கும் பின்னறைக்கும் நடந்துகொண்டிருப்பேன். சத்தம் போடாதீர்கள் என்று சொல்லப் போனால், "அண்ணி, நீங்களே சொல்லுங்க, கறுப்பா வெளுப்பா?" என்று கெமிஸ்ட் என்னையே கேட்பார். வந்த ஆத்திரத்துக்கு மூன்று டம்ளரையும் அவர்கள் தலையில் கவிழ்த்திருக்கலாம்.

ஒரு தடவை மைசூர் எல்லையில் லாரியை நிறுத்தி ஒவ்வொரு பெட்டியாக இறக்கிப் பார்த்தார்கள். எப்படியோ கண்ணாடிப் பெட்டி வரைக்கும் வராமல் விட்டுவிட்டார்கள். லாரிக்காரர் வெளிறிப்போய் வந்து சேர்ந்தார். "லாரியப் புடுச்சுட்டா எங்குடும்பம் தெருவுல நிக்குமுங்க. இனி என்னால ஆவாது, கோவிச்சுக்காதீங்க" என்று கும்பிட்டார். எனக்கு அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் போல இருந்தது. ஒருவழியாகத் தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

அந்தச் சந்தோஷத்தை கெமிஸ்ட் ஒரு வாரம் கூட நிலைக்க விடவில்லை. "நாமளே பண்ணிடலாம். என்ன பெரிய வித்தை? தானியத்தை முளை கட்டணும், காய வைக்கணும், இடிச்சு வெந்நீர்ல ஊற வைக்கணும், வடிகட்டிக் காய்ச்சணும், ஆறினதும் ஈஸ்ட் போடணும்" என்றார். அவர் கம்பெனியில் செய்ய முடியாது. அவர் தங்கியிருந்த அறையில் அடுப்பு இல்லை. லாரிக்காரர் வீட்டில் கூட்டுக் குடும்பம். கடைசியில் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தது என் சமையலறையை.

நான் முடியாது என்றேன். குடித்தால் வேலைதான் போகும், காய்ச்சினால் ஜெயில் என்றேன். ரெண்டு நாள் இவரோடு பேசவில்லை. பிறகு இவர் சாப்பிடும்போது தலையைக் குனிந்துகொண்டு, "இருக்கிறது இந்த ஒரு சந்தோஷம்" என்று சொன்னார். அப்படிச் சொன்னால் நான் என்ன செய்வேன்? சரி என்றேன். இன்றைக்கும் அந்தத் தலைகுனிவை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கடைப் பார்லி முளைக்கவில்லை. உமி நீக்கிய தானியம் எங்கே முளைக்கும்? லாரிக்காரர் மாட்டுத் தீவனம் என்று சொல்லி உமியோடு ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டார். பார்லியை ஊறவைத்து ஈரச் சாக்கில் கட்டினேன். கேழ்வரகு முளை கட்டுகிற அதே பக்குவம்தான். முளை விட்டதைப் பின்கட்டில் பாயில் பரப்பிக் காய வைத்தேன்.

ருசி விஷயத்தில் மட்டும் மூவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே மூன்று பானை. இவருக்கு வெளுத்தது. கசப்புக்கு என்ன போடுவது என்று பெரிய விவாதம் நடந்தது. பியருக்கென்று ஒரு பூ உண்டாம், அது சீமையில்தான் விளையுமாம். நிலவேம்பா, சுண்டைக்காயா என்று பேசி, கடைசியில் வேப்பம்பூ என்று முடிவாயிற்று. கெமிஸ்டுக்கு, பார்லியில் பாதியைக் காப்பிக்கொட்டை மாதிரி கருக வறுத்து, கருப்பட்டி சேர்த்தது. லாரிக்காரருக்கு, கேழ்வரகு கலந்து, பாட்டிலை அடைக்கும்போது நுரைக்காக வெல்லம். மற்ற பாட்டில்களுக்கும் கொஞ்சம் வெல்லம் உண்டு. அவர் மட்டும், "இன்னுங் கொஞ்சம் போடு அம்மிணி, நொரை நிக்கோணும்" என்று கேட்டுக் கேட்டுப் போட வைத்தார். காலி பியர் பாட்டில்களிலேயே அடைத்து, தக்கையைச் சணலால் இறுக்கிக் கட்டினோம். அடையாளத்துக்கு இவருடைய பாட்டில் கழுத்தில் வெள்ளை நூல், கெமிஸ்டுடையதில் கறுப்பு, லாரிக்காரருடையதில் சிவப்பு.

எங்கள் பக்கத்து வீட்டுக்கு மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் ஒருவர் மாற்றலாகி வந்தது இதற்கு நடுவில்தான்.

அவர் மனைவி நாமக்கல் பக்கத்துப் பெண். என்னைவிட இளையவள், யாரிடமும் சட்டென்று ஒட்டிக்கொள்கிற சுபாவம். வந்த மறுநாளே உறைமோர் கேட்டுக்கொண்டு பின்கட்டு வழியாக நுழைந்துவிட்டாள். பாயில் முளைத்த பார்லி பரந்து கிடந்தது.

"ஏனக்கா, இது என்ன தானியமுங்க? கேவுரு மாதிரியும் இல்ல, கோதுமை மாதிரியும் இல்ல?"

மார்கழி பிறக்கப்போகிற சமயம். எங்கள் வீடுகளில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பசும்புல் வேண்டும் என்று தகரத் தட்டில் மண் போட்டுத் தானியம் முளைக்க வைப்போம். அது ஞாபகத்துக்கு வந்தது. "குடிலுக்குப் புல் வளக்கிறேன்மா" என்றேன்.

"இவ்வளவா?"

"பெரிய குடில்" என்றேன்.

அவள் கண் விரிந்தது. "நாங்க பாத்ததே இல்லைங்கக்கா. எங்கூட்டுக்காரரையும் பாப்பாவையும் கூட்டிட்டு வாரேன், பண்டிகையன்னைக்கு" என்றாள். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஊரே வந்து குடில் பார்க்கிற நாளில், வா என்று சொல்லாமல் எப்படி இருப்பது? வாம்மா என்று என் வாயாலேயே சொன்னேன்.

சொன்ன பொய்க்காகப் பெரிய குடிலே கட்ட வேண்டியதாயிற்று. முன்னறையின் ஒரு மூலை முழுக்க மலை. வைக்கோல் அடைத்து, கெட்டிக் காகிதத்தைக் கசக்கிப் பசை போட்டு, கரித்தூளும் காவியும் அடித்து இவரே செய்தார். வரைபடம் போடுகிற கை அல்லவா, மலை மலையாகவே இருந்தது. அடிவாரத்தில் முளைத்த பார்லிப் புல். ஒரு கண்ணாடித் துண்டை வைத்துக் குளம், அதில் பீங்கான் வாத்துகள். மின்சாரம் தயாராகிற ஊரில் இருந்துகொண்டு விளக்கில்லாமல் குடிலா என்று மலைக்குள் பல்புகள் வேறு.

பண்டிகைக்கு முதல் நாள் அந்தப் பாட்டில்களை எங்கே வைப்பது என்று கேள்வி வந்தது. கட்டிலுக்கு அடியில் மணலில் இருந்தன. வருகிற வீட்டுக் குழந்தைகள் கட்டிலுக்கு அடியில்தான் ஒளிந்து விளையாடும். சமையலறைக்குள் பெண்கள் வருவார்கள். "மலைக்குள்ள வச்சிடலாம். குடிலை யாரும் தொட மாட்டாங்க" என்றார் இவர். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. குழந்தை இயேசுவுக்குப் பின்னாலா என்று கேட்டேன். "வேற இடம் சொல்லு" என்றார். எனக்கு வேறு இடம் தெரியவில்லை. பாட்டில்கள் வைக்கோலுக்குள், பல்புகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தன. கெமிஸ்ட் கூட நின்று எடுத்துக் கொடுத்தார். பம்பாயில் படித்த ரசாயனம் அந்த நேரத்தில் எங்கே போயிருந்ததோ.

கிறிஸ்துமஸ் அன்று மாலை இன்ஸ்பெக்டர் குடும்பத்தோடு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. காக்கியில் வராதது இன்னும் பயமாக இருந்தது. மிகவும் மரியாதையான மனிதர். செருப்பை வாசலில் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். கெமிஸ்டும் லாரிக்காரரும் ஏற்கெனவே நாற்காலிகளில் இருந்தார்கள். "எல்லாரும் சிநேகிதர்களா? ரொம்ப சந்தோஷம்" என்றார். நான் கேக்கும் காப்பியும் கொண்டுவந்தேன். தட்டுக்கு மேல் டம்ளர் கடகடவென்று ஆடிற்று. அவர் அதைப் பார்த்தார்.

அவருடைய சின்னப் பெண் குளத்து வாத்தைப் பார்த்துக்கொண்டு மலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவள் எழுந்து போய்விட வேண்டும் என்று நான் மனதுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி ஜெபத்தில் 'டப்' என்று ஒரு சத்தம்.

வெளியே பிள்ளைகள் பட்டாசு கொளுத்திக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பவில்லை. எங்கள் நாலு பேருக்கும் மட்டும் தெரியும், சத்தம் வெளியிலிருந்து வரவில்லை என்று. லாரிக்காரர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு 'டப்'. மலை உச்சியில் நின்ற இடையன் முகங்குப்புற விழுந்தான். காகிதப் பாறை ஒன்று கிழிந்து, உள்ளேயிருந்து நுரை வந்தது. நிதானமாக, வெள்ளையாக, பொங்கிப் பொங்கி வந்தது. லாரிக்காரர் கேட்டபடியே நின்ற நுரை. அது மலைச்சரிவில் இறங்கி, ஆடுகளைச் சுற்றிக்கொண்டு, புல்லை நனைத்து, கண்ணாடிக் குளத்தில் போய்த் தேங்கியது. அறை முழுக்கப் புளித்த வாடை.

"அப்பா, அருவி!" என்று கை தட்டினாள் அந்தக் குழந்தை.

இவர் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். கெமிஸ்ட் கையிலிருந்த கேக் துண்டைத் தின்னவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நேரத்தில் ஒரே ஒரு நினைப்புதான், என் அம்மியை யார் வண்டியில் ஏற்றுவார்கள் என்று.

இன்ஸ்பெக்டர் காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தார். எழுந்து மலைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். கிழிந்த காகிதத்தை இரண்டு விரலால் விலக்கி உள்ளே பார்த்தார். பிறகு பொறுமையாக ஒரு வெள்ளை நூல், ஒரு கறுப்பு நூல், ஒரு சிவப்பு நூல் என்று நிறத்துக்கு ஒரு பாட்டிலாக எடுத்துத் தன் மேல்துண்டில் சுற்றிக்கொண்டார். விழுந்து கிடந்த இடையனை எடுத்து நிறுத்தி வைத்தார். "கேக் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. பண்டிகை வாழ்த்துக்கள் சார்" என்றார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் மனைவி மட்டும் வாசற்படியில் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மிச்சமிருந்த அத்தனை பாட்டிலையும் அப்போதே சாக்கடையில் கொட்டினோம். கொட்டி என்ன பயன்? சாட்சிக்கு எடுத்துப் போயாகிவிட்டதே. சேலத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார் என்றார் கெமிஸ்ட். பதில் வர நாளாகும், வந்ததும் கேஸ் என்றார். அதோடு அவர் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். லாரிக்காரர் லாரியை மேட்டூர்ப் பக்கமே விடவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிக் கழித்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. காக்கி நிறத்தில் எது வந்தாலும் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். தபால்காரர் வந்தாலும் அப்படித்தான். இவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீசில் யாராவது கூப்பிட்டால் பேனாவைக் கீழே போட்டுவிடுவாராம். நான் ஒரு டிரங்குப் பெட்டியில் குழந்தையின் துணிகளை எடுத்து அடுக்கிவிட்டேன். துரத்தும்போது அவசரத்தில் மறந்துவிடக்கூடாது அல்லவா? பக்கத்து வீட்டு இன்ஸ்பெக்டர் தினமும் காலையில் சைக்கிளில் போகும்போது இவரைப் பார்த்து, "என்ன சார், சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டு போவார். ஒரு தடவை திட்டியிருந்தால் கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

பொங்கல் கழிந்த ஒரு மத்தியானம் அவர் மனைவி பின்கட்டு வழியாக வந்தாள். கையில் துணிப்பை. அதிலிருந்து மூன்று பாட்டில்களை எடுத்து அம்மி மேல் வரிசையாக வைத்தாள். காலி பாட்டில்கள், சுத்தமாகக் கழுவியிருந்தன. கழுத்தில் நூல் அப்படியே இருந்தது.

அவள் என் முகத்தைப் பார்க்காமல், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "வெள்ளை நூலுல கசப்பு மட்டுந்தான் இருக்குதாம், வேற ஒண்ணுமில்லையாம். சிவப்பு நூலத் தொறந்தா பாதி கூரைக்குப் போயிருதாம். கறுப்பு நூலுதான் நல்லா இருக்குதாம். மாசாமாசம் அதுல கொஞ்சம் வேணுமாமுங்க. எனக்கொண்ணுந் தெரியாதக்கா. சொல்லச் சொன்னாரு, சொல்லிட்டேன்." சொல்லி முடித்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் பயந்து போயிருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இவரிடம் சொன்னேன். முதலில் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார், உயிர் திரும்பி வந்தவர் மாதிரி. கெமிஸ்டுக்கு ஆள் அனுப்பி வரவழைத்து அவரிடமும் சொன்னோம். அந்த மனிதர் முகத்தில் முதலில் வந்தது என்ன தெரியுமா? பெருமை. "அப்படியா? கறுப்புன்னா சொன்னாரு?" என்று இவரைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. நான் பார்த்த பார்வையில் அது அடங்கியது. பிறகு அவருக்கும் விளங்கியது, மாசாமாசம் என்றால் என்ன அர்த்தம் என்று.

இதோடு மூன்று பேருக்கும் பியர் ஆசை விட்டது. இவர் மாதா சுரூபத்தின் முன்னால் சத்தியம் செய்தார், அதைக் காப்பாற்றவும் செய்தார். கெமிஸ்ட் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். லாரிக்காரர் பார்லி மூட்டையை மட்டும் யார் கையிலாவது கொடுத்து அனுப்புவார், தான் வரமாட்டார். குடித்தவர்கள் எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள். ஒரு நாளும் குடிக்காத நான் மட்டும் மாசாமாசம் பார்லி வறுத்துக்கொண்டிருந்தேன்.

முன்பெல்லாம் பயம் என்றால், குடிகாரன் பெண்டாட்டி என்று பெயர் வந்துவிடுமே என்ற பயம். இப்போது சட்டப்படி நானே காய்ச்சுகிறவள். இன்ஸ்பெக்டருக்கு மேலே இருக்கிற அதிகாரி யாராவது ஒருநாள் வந்து சோதனை போட்டால், அவர் கைகாட்டப் போவது என் பின்கட்டைத்தான். பானையை இறக்கும்போதெல்லாம் ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்ப்பேன். ஏதாவது கெட்டுப்போய் அந்த மனிதருக்கு வயிற்றில் ஒன்று என்றால் அதற்கும் நான்தானே பதில் சொல்ல வேண்டும்? வறுத்த வாசனை, கருப்பட்டியின் கனம், கடைசியில் நாக்கில் ஒரு சின்னக் கசப்பு. எனக்கும் கறுப்புதான் பிடித்தது. பிடித்துப்போனது எனக்கே எரிச்சலாக இருந்தது.

ஒரு நாள் சந்தைக்குப் போயிருந்தேன். கடைவீதியில் கூட்டம் விலகி வழிவிட்டது. மலை ஓரத்தில் சாராயம் காய்ச்சினவர்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பிடிபட்டவர்கள் தலையிலேயே அவர்களுடைய பானையைச் சுமக்க வைத்து, கடைவீதி வழியாக நடத்திக் கூட்டிவருவது அப்போது வழக்கம். முன்னால் ஒரு வயதான பெண்பிள்ளை. புகை பிடித்த பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலில் செருப்பில்லாமல், வெயிலில் நடந்துவந்தாள். பக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் இன்ஸ்பெக்டர். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல மரியாதையாகத் தலையை அசைத்தார். அந்தக் கிழவியும் யாரைப் பார்த்து அசைக்கிறார் என்று திரும்பி என்னைப் பார்த்தாள். என் கையில் கருப்பட்டிப் பொட்டலம் இருந்தது. நான் அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவர் மனைவி பாட்டிலுக்கு வந்தாள். "இன்னைக்கு அலைச்சல் ஜாஸ்தியாமுங்க" என்றாள். கொடுத்தேன். கொடுத்துவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பானையை என் தலையில் வைத்து, இதே வரிசை வழியாக, இதே ஜன்னல்களைத் தாண்டி என்னை நடத்திக்கொண்டு போவது போல் நினைத்து நினைத்து அழுதேன். ஒரு ஜன்னலும் திறக்காது என்று எனக்குத் தெரியும்.

இப்படியே போய், ஒரு வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டருக்கு மாற்றல் வந்தது. இவர் வந்து அந்தச் செய்தியைச் சொன்னபோது நான் நடுக்கூடத்திலேயே முழந்தாளிட்டுவிட்டேன். போகிற அன்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்கள் சாமான் ஏற்றிய லாரி திரும்பி மறைந்ததும் வீட்டுக்குள் வந்து பானைகளைத் தூக்கிப் பின்கட்டுச் சுவரில் மோதி உடைத்தேன். மிச்சமிருந்த பார்லியை மாடு வைத்திருந்த வீட்டுக்குக் கொடுத்தேன். கறுப்பு நூல்கண்டை அடுப்பில் போட்டேன். அன்று இரவு தாழ்ப்பாளைப் பார்க்க எழுந்திருக்காமல் தூங்கினேன்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். முன்னவரிடமிருந்து சார்ஜ் வாங்கிக்கொண்டு குடும்பத்தை ராசிபுரத்திலிருந்து கூட்டிவந்தார். சாமான் இறங்கி முடிந்த அன்று மத்தியானம் அவர் மனைவி பின்கட்டுப் பக்கம் வந்து நின்றாள். நல்ல நிறம், மூக்குத்தி, புதுப் பட்டுச் சேலையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. உறைமோர் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எழுந்தேன்.

அவள் கையில் துணிப்பை இருந்தது. அதற்குள்ளிருந்து பாட்டில் இடிபடும் சத்தம் கேட்டது.

"போனவங்க எல்லாஞ் சொல்லிட்டுத்தான் போனாங்களாமுங்க" என்றாள். இவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்கூட்டுக்காரருக்குக் கறுப்பு ஆவாதுங்கக்கா. வெளுப்புதான் வேணுமாம். கசப்பு மட்டுங் கொஞ்சம் கொறைச்சுக்கச் சொன்னாரு."

நான் பாட்டில்களை வாங்கிக்கொண்டேன். வேப்பம்பூவை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அவளிடமே கேட்டேன்.